மிரர் போட எந்த டிஸ்க் வாங்கறது?

கேள்வி: சார், பெங்களூரு அல்சூர்ல சின்னதா ஆடிட்டர் ஆபீஸ் வெச்சிருக்கோம். பழைய பிசில லினக்ஸ் போட்டு, ரெண்டு 4 டிபி டிஸ்க்க சாஃப்ட்வேர் ரெய்டு 1ல மிரர் பண்ணி (ரெண்டுலயும் ஒரே டேட்டா இருக்கற மாதிரி) ஃபைல் சர்வர் ஆக்கப் போறோம். எஸ்.பி. ரோடு கடைல, சாதா டெஸ்க்டாப் டிஸ்க்கே போதும், நாஸ் டிஸ்க்குக்கு (நெட்வொர்க் ஸ்டோரேஜுக்குன்னே செய்யற டிஸ்க்) எதுக்கு கூட காசுங்கறாங்க. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. நாஸ் டிஸ்க்கே போடுங்க, காரணம் சொல்றேன். ஒரு செக்டர், அதாவது டிஸ்க்ல டேட்டா இருக்கற ஒரு சின்னத் துண்டு, படிக்க முடியலன்னா நாஸ் டிஸ்க் வழக்கமா 7 செகண்ட்லயே முடியலன்னு சொல்லிடும், உடனே ரெய்டு அடுத்த டிஸ்க்ல இருந்து அந்த டேட்டாவ எடுத்து கெட்ட இடத்துல திரும்ப எழுதிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. டெஸ்க்டாப் டிஸ்க் அப்படியில்ல, தனியா இருக்கற டிஸ்க்னு நெனச்சு ஒரு நிமிஷத்துக்கு மேலயும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே இருக்கும், ஆனா லினக்ஸ் பொறுமையா இருக்கறது 30 செகண்ட்தான், அதுக்கப்புறம் டிஸ்க்க ரீசெட் பண்ணும், ஒரு செக்டர் தப்புக்காக முழு டிஸ்க்கும் மிரர்ல இருந்து வெளிய போயிடலாம். ஏற்கெனவே டெஸ்க்டாப் டிஸ்க் வாங்கிட்டவங்க லினக்ஸ்ல அந்த 30 செகண்ட 180 ஆக்கி வைங்க.

அடுத்தது, எஸ்எம்ஆர் டிஸ்க் வேண்டவே வேண்டாம், சிஎம்ஆர்தான். ரெண்டும் டிஸ்க்ல டேட்டா எழுதற முறைங்க. எஸ்எம்ஆர்ல டிராக்குங்க (டேட்டா எழுதற வட்டக் கோடுங்க) கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், சிஎம்ஆர்ல அப்படி ஏறாது. எஸ்எம்ஆர்ல ஒரு இடத்த மாத்தணும்னா பக்கத்துல உள்ளதையும் சேர்த்து எழுதணும், அதனால ரீபில்டு சமயத்துல, அதாவது புது டிஸ்க் போட்டு டேட்டாவ திரும்ப நிரப்பறப்ப, ரொம்ப இழுக்கும். நாஸ்னு பேர் இருந்தாலே போதும்னும் நினைக்காதீங்க: 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட ரெட்ங்கற நாஸ் டிஸ்க் வரிசைல 2ல இருந்து 6 டிபி வரைக்கும் எஸ்எம்ஆர் டிஸ்க்குங்க இருந்தது வெளிய வந்து பெரிய பிரச்சினை ஆச்சு, அப்புறம்தான் சிஎம்ஆருக்கு ரெட் பிளஸ்னு தனிப் பேர் வெச்சாங்க. மாடல் நம்பர கம்பெனி டேட்டாஷீட்ல பார்த்துட்டு காசு கொடுங்க.

ரெண்டையும் ஒரே பெட்டில இருந்து எடுக்காதீங்க, ஒரே பேட்ச்ல குறை இருந்தா ரெண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே போகும். வேற வேற கம்பெனி போட்டாலும் சரிதான், சைஸ் துளி வித்தியாசப்படும்ங்கறதால பார்ட்டிஷன் போடும்போது கடைசில ஒரு 100 எம்பி விட்டுடுங்க.

தப்பா அழிச்ச ஃபைல் ரெண்டு டிஸ்க்லயும் அழியும், அதனால பேக்கப்புக்கு மூணாவது டிஸ்க் ஒண்ணு கண்டிப்பா வேணும், அத ஆபீஸ்ல வெக்காம வீட்டுல வைங்க.

அப்புறம் சீரியல் நம்பர ஸ்டிக்கர்ல எழுதி ஒவ்வொரு டிஸ்க் மேலயும் இன்னைக்கே ஒட்டிடுங்க. ஒரு டிஸ்க் போன அன்னிக்கு பதட்டத்துல நல்லா ஓடிட்டிருந்தத நான் கழட்டியிருக்கேன்.