உயிலில் எழுதிவைத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 66. கணவர் காலமாகிவிட்டார். என் உறுப்புகளையும் உடலையும் தானம் செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதியிருக்கிறேன். மகளுக்குச் சம்மதம். மகன் கூடாது என்கிறான். அவனால் தடுக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, இந்த விஷயத்தில் உயிலை நம்பாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் உயிலைப் பிரிக்கிறார்கள். கண்ணை எடுக்கவோ 6 மணி நேரம்தான் அவகாசம்.

உறுப்பு தானத்துக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2014 விதிகளும் இருக்கின்றன. படிவம் 7-ஐ நிரப்பி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். சாட்சிகளில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். உங்கள் மகளே போதும். நீங்கள் பிறகு மனம் மாறியதாக நம்பக் காரணம் இல்லாதவரை, உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தானத்துக்கு வழிவிட வேண்டும் என்கிறது சட்டம். ஏட்டில் இப்படி. நடைமுறையில் மருத்துவமனை குடும்பத்தாரிடம் படிவம் 8-இல் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்கும். ஐசியூ வாசலில் அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நின்றால் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், நீங்கள் கேட்கும் இரண்டு தானமும் பெரும்பாலும் சேர்ந்து நடக்காது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்றவற்றைப் பொதுவாக மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான், அதாவது மூளை மீளமுடியாதபடி செயலிழந்து வென்டிலேட்டரால் மட்டுமே மூச்சு ஓடுபவரிடமிருந்துதான், எடுக்கிறார்கள். 4 மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அதில் ஒரு சோதனை: ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிய பிறகும் மார்பு தானாக அசைகிறதா என்று பார்ப்பது. உறுப்புகளை எடுத்தபின் தையல் போட்டு உடலைக் குடும்பத்திடமே கொடுத்துவிடுவார்கள். அதற்கான செலவைக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது.

அப்படி உறுப்பு எடுத்த உடலை மருத்துவக் கல்லூரி பொதுவாக ஏற்பதில்லை. பதப்படுத்தும் திரவத்தை ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். பெரிய குழாய்களை வெட்டியிருந்தால் திரவம் உடலெங்கும் பரவாது. கண்களை மட்டும் எடுத்திருந்தால் தடையில்லை. போஸ்ட்மார்ட்டம் செய்த உடல், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி போன்ற தொற்று இருந்த உடல், அழுகத் தொடங்கிய உடல் ஆகியவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விபத்து மரணமென்றால் போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் உண்டு. அப்போதும் உரிய அனுமதியோடு உறுப்பு தானம் நடக்கலாம், உடல் தானத்துக்குத்தான் வழியில்லை.

உடல் தானம் தனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. கல்லூரியின் உடற்கூறியல் துறையில் உறுதிமொழிப் படிவம் கிடைக்கும். இங்கும் உடலை ஒப்படைக்கும் நாளில் இறப்புச் சான்றோடு வாரிசுகளின் கையெழுத்தைக் கேட்பார்கள்.

ஆகவே மகனிடம் பேசாமல் தீராது. கொள்ளி வைக்க உடல் கிடைக்காதே என்பதுதான் அவர் மனக்குறையென்றால், உறுப்பு தானத்திலும் கண் தானத்திலும் அந்தக் கவலையே இல்லை. அதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். உடல் தானத்தை அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

மகளுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் மரணம் நேர்ந்தால் உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்குத் தலையணை கொடுங்கள். குழு வீட்டுக்கே வரும். கண் எடுக்க அரைமணி நேரம்கூட ஆகாது.