நீங்கள் நம்பாதது யாரை?

வணக்கம் அண்ணா,

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வயது 23. டிப்ளமோ முடித்து, திருப்பூர் போய், திரும்பி வந்து அப்பாவோடு வயலைப் பார்க்கிறேன். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நண்பர்களோடு முதல்முறையாகப் போனேன். நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், ஒருவர் மடமடவென்று எதையோ வாசித்தார், போட்டோ, டீ, அரை மணியில் முடிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றேன், "அது நம்ம கையில இல்ல தம்பி" என்றார்கள். கிராம சபைக்குப் போங்கள் என்று நீங்கள் எழுதியதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

சிரித்ததில் தப்பில்லை. ஆனால் நீங்கள் நம்பாதது யாரை? 23 வயது என்றால் 2021 சட்டமன்றத்துக்கும் 2024 நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டிருப்பீர்கள், ஊராட்சிக்குப் போட்டிருக்கவே முடியாது. 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் நம் பக்கம் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். எனக்கும் இதே கதைதான், 1986-க்குப் பிறகு 1996 வரை தேர்தலே இல்லாமல், ஊர்த் தலைவருக்கு முதல் ஓட்டுப் போடும்போது எனக்கு 26 வயது.

"நம்ம கையில இல்ல" என்றது உண்மைதான். மேட்டூர் திறப்பதும், கல்லணையில் பங்கு பிரிப்பதும், ஆறும் பெரிய வாய்க்காலும் ஊராட்சியிடம் இல்லை. கொள்முதல் நிலையமும் பயிர்க் காப்பீடும்கூட இல்லை. நமக்கு வயிறு எரிகிற விஷயமெல்லாம் வேறு யார் கையிலோ இருக்கிறது, கோபத்தை மட்டும் ஊராட்சி ஆபீஸ் வாசலில் கொட்டிவிட்டு வருகிறோம். அதனால் அவர்கள் கையில் நிஜமாகவே இருக்கிற குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை, சுடுகாட்டுப் பாதை இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊரில் ஒருமுறை வரவு செலவு வாசித்தபோது பிளீச்சிங் பவுடர் என்று ஒரு தொகை வந்தது. எத்தனை மூட்டை என்று கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. செயலர் ஃபைலைப் புரட்டினார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அடுத்த சபையில் சொல்கிறேன் என்றார். அடுத்த சபையில் கணக்கை நிறுத்தி நிதானமாக வாசித்தார்கள். மூட்டைக் கணக்கு என்னவோ கடைசி வரை வரவில்லை!

சோழர் காலத்துக் குடவோலையைச் சொல்லி மார்தட்டுவோமே, அந்த உத்திரமேரூர் கல்வெட்டுப்படி 35 வயது ஆகாத உங்கள் பெயர் குடத்துக்குள்ளேயே போயிருக்காது, சொந்த நிலமும் வீடும் இல்லாதவர் பெயரும் அப்படித்தான். எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு விதி: பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் சரி, அவர் உறவினரும் சரி, மறுபடி நிற்க முடியாது.

அக்டோபர் 2 வருகிறது. நாலு பேர் சேர்ந்து போங்கள், தண்ணீர்க் கதையை ஒரு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், அப்புறம் கணக்கை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு நோட்டு வரும்போது மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வெறும் தாளாக இருந்தால் போடாதீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.