மித்தி: ஆறா, நாலாவா?

கேள்வி: பாந்த்ரா போகும் பாலத்தின் அடியில் ஓடும் கறுப்புத் தண்ணீரை ஆறு என்கிறார் என் மாமியார். மகனோ 'அது நாலா, வெறும் சாக்கடைக் கால்வாய்' என்கிறான். எது சரி?
– வாசகி, தாராவி, மும்பை

பதில்: உங்கள் மாமியார் கட்சிதான் நான். விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மித்தி. விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, குர்லா வழியாக சுமார் 18 கி.மீ. ஓடி மாகிமில் கடலில் சேர்கிறது. மழை ஓய்ந்தபின் அதில் வருவது பெரும்பாலும் சாக்கடையும் பட்டறைக் கழிவும்தான். மகன் மூக்கைப் பொத்துவதில் நியாயம் உண்டு!

ஆறு என்பதற்குச் சாட்சி உங்கள் பேட்டையிலேயே நிற்கிறது: காலா கில்லா. அதே பெயருள்ள பஸ் டெப்போவைச் சொல்லவில்லைம்மா, 1737இல் இந்த ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை. நாலாவுக்கு யாராவது கோட்டை கட்டிக் காவல் வைப்பார்களா?

முகத்துவாரப் பக்கம் கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும். அதனால்தான் மாகிமில் அலையாத்திக் காடு. அதே ஏற்றம் பெருமழையோடு சேர்ந்தால் ஆற்றுநீர் வடிய வழியில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியபோது குர்லா, கலினா எல்லாம் மூழ்கின. கரையோரச் சதுப்பை மேடாக்கிக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பியதையும் மறக்கக் கூடாது.

சரி, பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். குப்பைமேடாக இருந்த இடம், இப்போது காடு. பக்கத்திலேயே மித்தி.