கிறிஸ்துவுக்குள் விடுதலை என்றால் விரும்பியதை எல்லாம் செய்யலாமா?

இல்லை. பைபிளில் அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு (கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு) எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், 8 முதல் 10 வரையான அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். அன்றைய கொரிந்துவில், கோயிலில் சிலைகளுக்குப் படைத்த இறைச்சி சந்தைக்கும் வரும். அதைச் சாப்பிடலாமா என்பதுதான் அங்கே பிரச்சினை. கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு, விருந்தில் வைத்ததையும் சாப்பிடு என்கிறார் பவுல். ஆனால் பக்கத்தில் இருப்பவர் 'இது படையல்' என்று சொன்னால், அவருடைய மனசாட்சிக்காகச் சாப்பிடாதே. நம்மைப் பார்த்து அவரும் மனம் உறுத்த உறுத்தச் சாப்பிட்டால் அவர் விசுவாசமே உடைந்துபோகும். அப்படி ஆகுமென்றால் எனக்கு இறைச்சியே வேண்டாம் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதற்காக யார் முகம் சுளித்தாலும் பணிந்துபோக வேண்டியதில்லை. விருத்தசேதனம் (யூத முறைப்படி நுனித்தோலை நீக்கும் சடங்கு) செய்தே ஆகவேண்டும் என்று புறஜாதி, அதாவது யூதரல்லாத, விசுவாசிகளை வற்புறுத்தியவர்களுக்கு, இதே பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை.