வன்னியில் வீட்டுக்கு இணையம் எடுப்பவர்களுக்கு: கேள்வி பதில்

பரந்தன் பக்கத்தில் முன்பு செப்புக் கம்பியோடும் இப்போது பைபர் என்னும் கண்ணாடி இழைக் கேபிளோடும் வேலை செய்பவன் நான். "எந்தக் கம்பனி நல்லது?" என்று யாராவது கேட்காத நாள் இல்லை. இங்கே ஏ9 வீதிக் கரையில் அதற்கு ஒரு பதில். வீதியை விட்டு வயல் தாண்டி இரண்டு கிலோமீற்றர் உள்ளே போனால் இன்னொரு பதில். ஆகவே கம்பனியின் பெயரைப் பிறகு பார்ப்போம், உங்கள் வளவுக்கு எது ஒழுங்காக வந்து சேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கேள்வி அனுப்பியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்: மகள் உயர்தரம், மகன் சாதாரணதரம். 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம். பகலில் நன்றாக ஓடுகிறது. இரவு ஏழு மணிக்குச் சூம் வகுப்பு தொடங்கினால் ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டி வருகிறது. கம்பனியை மாற்றினால் சரியாகுமா?

மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள் அக்கா. பகலில் ஓடி இரவில் மட்டும் நொண்டினால் அது டவரில் உள்ள நெரிசல். ஒரு டவர் தரக்கூடிய வேகத்தைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரம். எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் அந்த நெரிசல் குறையாது. பகலிலும் இரவிலும் ஒரே மந்தம் என்றால்தான் சிக்னல் குறைவு. அதற்கு வழி இருக்கிறது.

உங்களுடையது முதலாவது வகை என்று தெரிகிறது. அப்படியென்றால் அயலில் வேறு கம்பனிகளின் சிம் வைத்திருப்பவர்களிடம் ஒரு மாலைக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரே போனில், ஒரே இடத்தில் நின்று, இரவு எட்டு மணிக்கு ஒவ்வொன்றாகப் போட்டு வேகத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு அளந்தால் எல்லாக் கம்பனியும் நல்ல கம்பனியாகத்தான் தெரியும். பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும், 'பிங்' என்று காட்டும் தாமதத்தையும் எழுதுங்கள். ஒரு சூம் வகுப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) போதும். தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் நிலையாக நின்றால் குரல் வெட்டாது. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருந்தால் இரண்டு மடங்கு வேண்டும்.

சிக்னல் குறைந்த வீடுகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், டவரிலிருந்து வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 80 அளவில் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110ஐத் தாண்டிப் போனால் மிகவும் பலவீனம். தகரக் கூரை இந்த அலைகளை அப்படியே மறித்துவிடும். அலுமாரிக்கு மேல் தகரத்தை முட்டிக்கொண்டு இருந்த ஒரு ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து யன்னலுக்கு இறக்கியதுமே மைனஸ் 112 என்றிருந்தது மைனஸ் 98 ஆனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சதமும் செலவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே ரவுட்டரை வீடு முழுக்க நகர்த்திப் பாருங்கள்.

ரொறன்ரோவிலிருந்து, சொந்த ஊர் ஒட்டுசுட்டான்: தொண்ணூறுகளின் இறுதியில் நான் இங்கே வந்தபோது டயலப்தான். மோடம் கத்தி முடியும்வரை காத்திருந்து, வீட்டுத் தொலைபேசியையும் மறித்து வைத்துக்கொண்டு மின்னஞ்சல் பார்த்தோம். பிறகு டிஎஸ்எல், கேபிள் என்று மாறி இப்போது பைபர். ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டி முடிகிறது. பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே. இருப்பதிலேயே பெரிய பக்கேஜை இங்கிருந்து பணம் கட்டி எடுத்துக் கொடுத்துவிடலாமா?

பணம் கட்டுவது எளிது அண்ணா, கம்பி வருவதுதான் கேள்வி. கனடாவில் ஒரே கம்பியில் பல கம்பனிகள் சேவை தருகின்றன. விலையைப் பார்த்துத் தெரிவு செய்யலாம். வன்னியில் வீட்டுக்குப் பைபர் என்றால் பெரும்பாலும் எஸ்எல்டி (ஸ்ரீலங்கா ரெலிகொம்) ஒன்றுதான். அப்பாவை ஒழுங்கை வழியாக ஒருமுறை நடந்து கம்பங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பத்தில் மெல்லிய கறுப்புக் கேபிள்கள் பல வந்து நுழையும் சிறிய பெட்டி இருக்கும். அது வீட்டிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருக்க வேண்டும். பெட்டி இருந்தாலும் அதில் காலியான போர்ட், அதாவது உங்கள் வீட்டுக் கேபிளைச் செருக ஓர் இடம், இருக்க வேண்டும். பெட்டி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, "போர்ட் இல்லை" என்ற பதிலோடு காத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அதே ஒழுங்கையில் பைபர் வேண்டும் என்கிற வீடுகள் எல்லாம் ஒன்றாக விண்ணப்பித்தால் கேபிளை உள்ளே நீட்டுவதற்கு ஒரு நியாயம் கிடைக்கும். தனி ஒரு வீட்டுக்காக ஒரு கிலோமீற்றர் இழுக்க யாரும் விரும்புவதில்லை.

பைபர் வராது என்று உறுதியானால் அடுத்தது 4ஜி. மேலே விசுவமடு அக்காவுக்குச் சொன்ன சோதனையை அப்பாவின் வளவில் செய்யுங்கள். அதுவும் சரிவராவிட்டால் செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க். 2024 ஓகஸ்டில் இலங்கையில் அனுமதிப்பத்திரம் பெற்று, 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கினார்கள். பழைய செய்மதி இணையம் 36,000 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதியை நம்பியது; பேசினால் பதில் வர அரைச் செக்கனுக்கு மேலாகும். இவர்களுடையவை 550 கிலோமீற்றர் அளவில் சுற்றுவதால் வீடியோ அழைப்பு சாதாரணமாகப் பேசலாம். ஆனால் சேவை தொடங்கியபோது கருவிக்கே ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மாதக் கட்டணமும் இங்குள்ள பைபரை விடப் பல மடங்கு. சிக்னலைப் பிடிக்கும் தட்டு அன்ரெனாவுக்கு நாலா பக்கமும் திறந்த வானம் வேண்டும். வளவைச் சுற்றிப் பாலையும் மாவும் நிற்கும் வீட்டில், செய்மதி மரத்துக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் இணைப்பு விட்டு விட்டு வரும். அதற்காக மரத்தைத் தறிக்க வேண்டாம், தட்டை உயர்த்தலாம். கனடாவில் வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம். இங்கேயே, இலங்கைக் கணக்கில் வாங்குங்கள்.

பெரிய பக்கேஜ் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு பேர் வீடியோவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் யூடியூப்பில் செய்தி கேட்கவும் 20 எம்பிபிஎஸ்ஸே அதிகம். மிச்சப் பணத்தில் மேசன் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: முன்சுவரிலிருந்து விறாந்தைக்கு ஒரு பிவிசி குழாய், விறாந்தையிலிருந்து மேல்மாடிக்கு ஒரு குழாய், அதற்குள் ரவுட்டரிலிருந்து இணையத்தைக் கொண்டுபோகும் கட்6 கேபிள். வெளிநாட்டுப் பணத்தில் எழும் மாடி வீடுகளில் கொங்கிறீற்றுத் தட்டைத் தாண்டி வைபை மேலே ஏறுவதில்லை. பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

மாங்குளத்திலிருந்து ஒரு கடைக்காரர்: பழைய செப்புக் கம்பித் தொலைபேசியில் ஏடிஎஸ்எல் இணையம் இருக்கிறது. விடலாமா?

பைபர் கிடைத்தால் இன்றே விடுங்கள் ஐயா. செப்பில் வேகம் தூரத்தோடு தேயும். தொலைபேசி நிலையத்துக்கு அருகில் 24 எம்பிபிஎஸ் வரை வரக்கூடிய அதே தொழில்நுட்பம் ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் அநேகமாக ஒன்றுமே தராது. அதோடு ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கும்போது அந்தக் கம்பி மின்னலை நேராக வீட்டுக்குள் கொண்டுவரும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. பைபர் வரும்வரை, மழை இருட்டும்போது மின்செருகியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். பலர் முதலாவதை மட்டும் கழற்றிவிட்டு, ரவுட்டர் எப்படி எரிந்தது என்று கேட்கிறார்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவன்: 100 எம்பிபிஎஸ் என்று விற்றார்கள். கணினியில் 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. விற்பது பிட் கணக்கில், கணினி காட்டுவது பைட் கணக்கில். எட்டு பிட் ஒரு பைட். 100ஐ எட்டால் பிரித்தால் 12.5. உனக்கு முழு வேகமும் கிடைக்கிறது. மேலே ரொறன்ரோ அண்ணா சொன்ன டயலப் 56 கேபிபிஎஸ் (செக்கனுக்கு 56 கிலோபிட்). 5 எம்பி பாட்டு ஒன்றை இறக்கப் பன்னிரண்டு நிமிடம். உனக்கு அது அரைச் செக்கன்.

தர்மபுரத்திலிருந்து: விளம்பரத்தில் போட்ட விலைக்கும் பில்லில் வரும் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எத்தனை ஜிபி எடுத்தால் போதும்?

பல விளம்பரங்களில் வரி சேர்ப்பதில்லை. பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 2,000 ரூபாய் என்று போட்டிருந்தால் அதிலேயே 2,360 ஆகிவிடும். "எல்லா வரியும் சேர்த்து மாதம் எவ்வளவு, இணைப்புக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்?" இந்த மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வரும் முகவரிடம் காசு கொடுத்தால் ரசீது வாங்காமல் படலையைத் திறந்து அனுப்பாதீர்கள். கம்பனியிடம் முறையிட்டுச் சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அதற்கும் அந்த ரசீது வேண்டும்.

ஜிபி கணக்கு: சூம் வகுப்பு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, எச்டி தரத்தில் படம் மணிக்கு 3 ஜிபி அளவில். நாளுக்கு இரண்டு மணி நேர வகுப்பும் ஒரு படமும் என்றால் மாதம் 200 ஜிபியைத் தாண்டும். 'அன்லிமிட்டட்' என்ற பெயரைக் கண்டு உடனே எடுக்க வேண்டாம். நியாயப் பாவனை எல்லை எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகும் என்று கேளுங்கள். இரவு டேட்டா என்று பாதியை நள்ளிரவுக்குப் பிறகு தரும் பக்கேஜ் பிள்ளைகளின் படிப்புக்கு உதவாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் உறங்கட்டும்.

மல்லாவியிலிருந்து: பைபர் எடுத்துச் சில மாதம்தான். ரவுட்டரில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. அணைத்துப் போட்டும் போகவில்லை.

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. முற்றத்துக்கு வந்து கம்பத்திலிருந்து கூரை விளிம்புவரை கேபிளைப் பாருங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் குரங்கு வேலை. அந்தக் கேபிளில் இரண்டு பகுதி உண்டு: தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பி, அதோடு ஒட்டியபடி தட்டையான கறுப்பு உறை. தலைமயிர் தடிப்பில் இருக்கும் இழை அந்த உறைக்குள் போகிறது. குரங்கு தொங்கி ஆடும்போது இரும்புக் கம்பி தாங்கும். ஆனால் சுவர்க் கொக்கிக்கு அருகில் உறை மடிந்து இழை முறிந்துவிடும். வெளியே பார்த்தால் சிறு சுளிவு மட்டும்தான் தெரியும்.

முறிந்ததை முறுக்கி டேப் சுற்ற முடியாது. உருக்கி ஒட்டும் இயந்திரத்தோடு ஆள் வர வேண்டும். வந்தவரிடம் இரண்டு விடயம் கேளுங்கள். கேபிளை மாமரக் கொப்புகளுக்குள்ளால் விடாமல் வெளியால் இழுத்துத் தரச் சொல்லுங்கள். இரும்புக் கம்பி கொக்கியோடு முடிய வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது. மின்னலுக்கு அந்தக் கம்பி ஒரு வழி. உள்ளே எஞ்சிய கேபிளைக் கையகல வட்டமாகச் சுற்றி வையுங்கள். ஆணியில் மடித்துத் தொங்கவிட்டால் குரங்கு தேவையில்லை, நாங்களே முறித்துவிடுவோம். கழற்றிய முனைக்குள் பிள்ளைகளைக் கண் வைத்துப் பார்க்க விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத லேசர் அது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை: மின்சாரம் போனால் இணையமும் போகிறது. 2022இல் பட்ட பாடு போதும்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தோம். டவர் பற்றரிகளும் இறங்கிப்போயின. 4ஜியின் பலவீனம் அங்கேதான் ரீச்சர்: உங்கள் ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்தாலும் டவருக்கு நீங்கள் கொடுக்க முடியாது. பைபரில் நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடினால், உங்கள் ரவுட்டருக்கு மட்டும் மின்சாரம் இருந்தால் போதும். ரவுட்டர் அடப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அநேகமாக 12 வோல்ட், 1 அல்லது 1.5 அம்பியர். அதே வோல்ட்டில், அம்பியர் குறையாமல் ஒரு சிறிய டிசி யுபிஎஸ் (மின்சாரம் போனால் ரவுட்டரை ஓட்டும் பற்றரிப் பெட்டி) வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். கணினிக்கான பெரிய யுபிஎஸ்ஸை இதற்காக வாங்க வேண்டாம்.

துணுக்காயிலிருந்து, காட்டோரக் காணி: வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னலும் இல்லை. கிணற்றடி மரத்தில் ஏறினால் போன் வேலை செய்கிறது.

மரத்தில் கிடைக்கிறது என்றால் நல்ல செய்தி தம்பி. டவர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, இடையில் காடு மறிக்கிறது. வெளி அன்ரெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி ரவுட்டர் ஒன்றும், திசை நோக்கும் அன்ரெனாவும், மரமுச்சியை எட்டும் இரும்புக் குழாயும் வேண்டும். எந்த அலைவரிசையில் உங்கள் டவர் ஓடுகிறது என்று போனில் பார்த்து, அதற்குப் பொருந்தும் அன்ரெனாவை வாங்குங்கள். கடையில் தொலைக்காட்சி அன்ரெனாவை எடுத்துத் தந்தால் வாங்க வேண்டாம். ஒருவர் குழாயை மெல்ல மெல்லத் திருப்ப, இன்னொருவர் கீழே ஆர்எஸ்ஆர்பி எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டும். நல்ல எண் வந்த இடத்தில் இறுக்குங்கள். அன்ரெனாவிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளை எவ்வளவு குறுக்க முடியுமோ குறுக்குங்கள். பத்து மீற்றருக்கு மேல் போனால் உயரத்தில் பிடித்த சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். குழாயின் அடியைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்துக்கு எர்த் செய்த பிறகே ரவுட்டரைப் பூட்டுங்கள்.