அஞ்செட்டிப் பட்டமரங்கள்: கார்பன் கணக்கு ஏன் எகிறுகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிக் காட்டில் விழுந்து கிடக்கும் மரங்களில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று கணக்கிட்டால், ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பச்சை மரத்தின் அடர்த்தியையே பட்ட மரத்துக்கும் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். மட்கும்போது கட்டையின் பருமன் (கன அளவு) சீக்கிரம் குறையாது. எடைதான் முதலில் இறங்கும்.

ஒரு அரிவாளால் ஒவ்வொரு கட்டையையும் கொத்திப் பாருங்கள். அரிவாள் எகிறினால் திடம், கொஞ்சம் இறங்கினால் நடுத்தரம், பொலபொலவென்று உதிர்ந்தால் மட்கியது. வகைக்குச் சில வில்லைகள் (குறுக்காக அறுத்த வட்டத் துண்டுகள்) எடுத்துப் பருமனை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். உலர் எடையைப் பருமனால் வகுத்தால் அந்த வகையின் அடர்த்தி. கார்பன், உலர் எடையில் ஏறக்குறைய பாதி.

கறையானையும் மறக்க வேண்டாம். உசிலைக் கட்டை வெளியே முழுசாகத் தெரியும். முனையில் எட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் மண். பொந்தின் விட்டத்தை அளந்து, அதன் பருமனைக் கழித்துவிடுங்கள்.

ஆச்சா மரத்தை மட்டும் தனியாக வையுங்கள். வெளிறு (வெளிப்பக்க மென்கட்டை) உளுத்துப்போன பிறகும் அதன் வைரம் (நடுக்கட்டை) இரும்பு மாதிரி நிற்கும். மற்ற மரங்களோடு சேர்த்துச் சராசரி போட்டால் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

சரணாலய எல்லைக்குள் என்றால், கீழே கிடக்கும் கட்டையில் வில்லை அறுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும்.