காய்ச்சலில் கேட்ட கூடுதல் சத்தம்

கேள்வி: குலசேகரத்தில் வசிக்கிறோம். ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது பரிசோதித்த மருத்துவர், இதயத்தில் ‘மர்மர்’ கேட்கிறது, எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார். பையன் நன்றாகத்தான் ஓடி விளையாடுகிறான். ஓட்டை இருக்குமோ என்று வீட்டில் அனைவரும் பயப்படுகிறோம். இந்தச் சத்தம் எப்படி உண்டாகிறது?

பதில்: பாடப்புத்தகத்தில் ‘லப்-டப்’ என்று படித்த ஒலியை, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் என்றே பலரும் எண்ணுகிறோம், அது பாதி உண்மைதான். கிணற்று மோட்டாரை நிறுத்தும் கணத்தில் குழாயில் ‘டக்’ என்று ஓர் அதிர்வு எழுவதைக் கேட்டிருப்பீர்கள். மேலே ஏறிய நீர் திரும்பி விழ முற்படுகையில் வால்வு மூடிக்கொள்ள, சட்டெனத் தடைபட்ட நீர் குழாயையே உலுக்கிவிடுகிறது. இதயத்திலும் அப்படித்தான்: கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும் இரத்தம் மேலறைகளுக்குத் திரும்பாதபடி ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூட, தடைபட்ட இரத்தமும் வால்வும் இதயச் சுவரும் சேர்ந்து அதிர்வதே சற்று நீண்டு, தாழ்ந்து ஒலிக்கும் ‘லப்’. சுருங்கி முடிந்தபின் பெருந்தமனி, நுரையீரல் தமனி ஆகியவற்றின் வாயிலுள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது எழுவது குறுகிய, கூர்மையான ‘டப்’.

மூச்சை உள்ளிழுக்கையில் இதயத்தின் வலப்பக்கத்துக்குக் கூடுதல் இரத்தம் வருவதால் நுரையீரல் தமனி வால்வு சிறிது தாமதித்து மூடும். அப்போது ‘டப்’ இரண்டாகப் பிளந்து கேட்பது இயல்பே. மூச்சுக்கேற்ப மாறாமல் எந்நேரமும் பிளந்தே நின்றால்தான் மேலறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை உண்டா என்று யோசிப்போம்.

மர்மர் என்பது இவற்றுக்கு இடையில் கேட்கும் இரைச்சல். மழைக்காலத்தில் திற்பரப்பில் கோதையாறு இரைவது ஆற்றில் கோளாறு வந்ததனால் அல்லவே. காய்ச்சலிலும் இரத்தசோகையிலும் இரத்தம் வேகமாக ஓடுவதால், குறையற்ற இதயத்திலும் மெல்லிய இரைச்சல் கேட்கலாம். உங்கள் மகனின் வயதில் இது மிகச் சாதாரணம். மாறாக, கீழறைகளுக்கு இடையிலான சுவரில் சிறு ஓட்டை இருந்தால் பெரிய ஓட்டையைவிட உரக்கக் கேட்பதுண்டு. ஆகவே சத்தத்தின் அளவைக் கொண்டு நோயின் அளவை எடைபோட முடியாது.

எக்கோவைத் தவிர்க்க வேண்டாம். அது ஒலியலையால் எடுக்கப்படும் படம். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. காய்ச்சல் தணிந்தபின் ஒருமுறை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ உங்கள் மருத்துவரிடமோ மீண்டும் காட்டுங்கள். விளையாடும்போது மயங்கி விழுதல், உதடு நீலம்பாய்தல், எடை கூடாமை, தொண்டை வலிக்குப் பிறகு மூட்டுகள் வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது, வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கக்கூடும்.

மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: இரைச்சல் லப்புக்கும் டப்புக்கும் நடுவிலா, டப்புக்குப் பிறகா? நடுவில் மெல்லியதாகக் கேட்பது பெரும்பாலும் தீங்கற்றது; டப்புக்குப் பிறகு மட்டும் கேட்பதைக் காய்ச்சலின்மேல் பழிபோட்டு விட்டுவிட முடியாது.